எரிவாயுக் குழாயில் வால்வைச் சட்டென்று மூடினால் அழுத்தம் எவ்வளவு எகிறும்?

கேள்வி இதுதான்: 24 அங்குல இயற்கை எரிவாயுக் குழாய், வால்வு இருக்கும் இடத்தில் 70 பார் அழுத்தம் (1 பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்), வாயுவை அமுக்கித் தள்ளும் கம்ப்ரசர் நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு பால் வால்வு (துளையிட்ட பந்து சுழன்று வழியை மூடும் வால்வு). அவசர நிலையில் அது 5 விநாடியில் மூடிக்கொண்டால், தண்ணீர்க் குழாயில் வருகிற வாட்டர் ஹாமர் (ஓடும் நீர் சட்டென்று நிற்கும்போது விழும் அழுத்த அடி) போல ஓர் அடி விழுந்து குழாய் உடையுமா? அழுத்தம் எகிறினால் திறந்து வடிக்கும் சர்ஜ் ரிலீஃப் வால்வு போட வேண்டுமா?

உடையாது. அந்த அடியின் அளவு ஏறத்தாழ 1.4 பார். 70 பாரில் அது 2 சதவீதம். ஆனால் வால்வு மூடிய பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தால், அடுத்த 10 நிமிடத்தில் ஏறும் அழுத்தம் அதைப்போல ஆறேழு மடங்கு. கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவதைப் பற்றித்தான். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, குழாய்க்குள் தேங்கிய திரவம். உண்மையான சம்மட்டி அடி அங்கிருந்துதான் வரும்.

முதலில் அந்த 1.4 பார் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1897–98-இல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து நிகொலாய் ஜுகோவ்ஸ்கி நிறுவிய சூத்திரம் எளிது: அழுத்த உயர்வு = அடர்த்தி × ஒலி வேகம் × வேகத்தில் ஏற்பட்ட மாற்றம். இது தண்ணீருக்கு மட்டும் உரிய சூத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்த உயர்வு மொத்த அழுத்தத்தில் சிறு பங்காக இருக்கும் வரை வாயுவுக்கும் இதே கணக்குப் பொருந்தும். தண்ணீருக்கு அடர்த்தி கன மீட்டருக்கு 1,000 கிலோ, எஃகுக் குழாய்க்குள் அலை வேகம் சுமார் 1,100 மீ/வி. விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் 22 பார். 70 பார் இயற்கை எரிவாயுவுக்கு அடர்த்தி சுமார் 58 கிலோ, ஒலி வேகம் சுமார் 400 மீ/வி. வாயு விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் 58 × 400 × 6 = 1,39,200 பாஸ்கல், அதாவது 1.4 பார். இந்த ஓட்டம் நாளுக்கு ஏறத்தாழ 1.1 கோடி கன மீட்டர். 24 அங்குலக் குழாய்க்கு நல்ல சுமைதான்.

காகிதம் இல்லாமல் போட இன்னும் சுலபமான வழி உண்டு. வாயுவுக்கு அழுத்த உயர்வின் பங்கு = 1.3 × (ஓட்ட வேகம் ÷ ஒலி வேகம்). 1.3 என்பது இயற்கை எரிவாயுவின் இரு தன்வெப்பங்களின் (அழுத்தம் மாறாமல், கொள்ளளவு மாறாமல்) விகிதம். 6-ஐ 400-ஆல் வகுத்து 1.3-ஆல் பெருக்கினால் 2 சதவீதம் வந்துவிடும். இதில் அழுத்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 20 பார் குழாயானாலும் 90 பார் குழாயானாலும் 6 மீ/வி ஓட்டத்துக்கு அடி 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். விநாடிக்கு 20 மீட்டர் ஓடினால்கூட 6.5 சதவீதம். வாயு இவ்வளவு இளக்கமாக இருப்பதற்குக் காரணம் அதன் அமுங்கும் குணம். தண்ணீரின் கன மீள்திறன் (அமுங்க மறுக்கும் விறைப்பு) சுமார் 22,000 பார். 70 பார் எரிவாயுவுக்கு 91 பார்தான். ஏறக்குறைய 240 மடங்கு மென்மை.

வால்வு எத்தனை விநாடியில் மூடினால் ‘சட்டென்று’ என்று சொல்லலாம்? அலை வால்விலிருந்து புறப்பட்டு மறுமுனையில் மோதித் திரும்பும் நேரத்துக்குள் மூடினால் அது சட்டென்று மூடியதுதான். 30 கிலோமீட்டருக்குப் போக 75 விநாடி, திரும்ப 75 விநாடி. ஆக, 5 விநாடி என்ன, 2 நிமிடத்தில் மூடினாலும் கணக்குப்படி அது விரைவான மூடலே. “மெதுவாக மூடினால் அடி குறையும்” என்ற தண்ணீர்க்காரர் அறிவுரை நீண்ட எரிவாயுக் குழாயில் வால்வு நிற்கும் இடத்து அழுத்தத்துக்குப் பெரிதாகப் பயன்படாது. அதே நேரம் குழாய்ச் சுவரின் உராய்வு அந்த அலையை விரைவில் தின்றுவிடும். இந்த எடுத்துக்காட்டில் 8 கிலோமீட்டர் போவதற்குள் அலையின் முகப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. 30 கிலோமீட்டர் தாண்டி கம்ப்ரசரிடம் போய்ச் சேர்வது வெறும் முனகல்.

அப்படியானால் மூடும் நேரம் எதற்கு முக்கியம்? தரைக்கு மேல் இருக்கும் குழாய்களுக்காக. அலை ஒரு வளைவைத் தாண்டி அடுத்த வளைவை எட்டாத நேரத்தில், இரண்டு வளைவுகளிலும் அழுத்தம் வேறுவேறு. அந்த வேறுபாட்டைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் குழாயை நெடுக்குவாக்கில் தள்ளும் விசை கிடைக்கும். 24 அங்குலக் குழாயின் உட்பரப்பு 0.27 சதுர மீட்டர். முழு 1.4 பாரும் ஒரே இடத்தில் வேறுபட்டால் 38 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட 4 டன். ஆனால் வால்வு 5 விநாடியில் மூடினால் அலையின் முகப்பே 2 கிலோமீட்டர் நீளம். 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு வளைவுகளுக்கு நடுவே அதில் நூறில் ஒரு பங்குதான் தெரியும். 40 கிலோ எடை அளவு விசை, தாங்கிக்கு அது தூசு. அதே வால்வு 0.2 விநாடியில் மூடினால் முகப்பு 80 மீட்டர்; விசை ஒரு டன்னை நெருங்கும். குழாய் தாங்கியிலிருந்து எகிறுவது இப்படித்தான். அனல் மின் நிலையங்களில் டர்பைன் ஸ்டாப் வால்வு 0.1–0.2 விநாடியில் மூடும்போது நீராவிக் குழாய்க்கு நேர்வது இதுவே. அங்கே ஓட்ட வேகமும் விநாடிக்கு 50 மீட்டரை ஒட்டி இருப்பதால் அடி பத்துப் பதினைந்து பார் வரை போகும். அதற்காகத்தான் அந்தக் குழாய்களில் ஸ்னப்பர் (திடீர் அசைவைத் தடுக்கும் தாங்கி) மாட்டுகிறார்கள். புதைத்த எரிவாயுக் குழாயை மண் இறுகப் பிடித்திருப்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது.

பால் வால்வு விஷயத்தில் ஒரு சூட்சுமம். வால்வைச் சுழற்றும் ஆக்சுவேட்டர் 30 விநாடி எடுத்துக்கொண்டாலும், முதல் பாதிச் சுழற்சியில் ஓட்டம் அநேகமாகக் குறையாது. கடைசி 15–20 சதவீதத்தில்தான் கழுத்து நெரிபடும். எனவே ‘30 விநாடி’ என்று தரவுத்தாளில் இருப்பது நடைமுறையில் ஐந்தாறு விநாடி மூடலுக்குச் சமம். கணக்கு மாதிரியில் நேர்க்கோடாக மூடுவதாகப் போட்டுவிட்டு, குழாயைத் தள்ளும் விசை குறைவு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. வால்வு தயாரிப்பாளரின் திறப்பு–ஓட்ட வளைகோட்டைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். வால்வு மூடிய பிறகு குழாயில் நடப்பது லைன் பேக்கிங், அதாவது வாயு வந்து அடைவது. ஏறும் வேகத்துக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு: அழுத்தம் × ஓட்ட வேகம் ÷ அடைபட்ட நீளம். 70 × 6 ÷ 30,000 = விநாடிக்கு 0.014 பார், நிமிடத்துக்குச் சுமார் 0.84 பார். பத்து நிமிடத்தில் 8 பாருக்கு மேல். இதே வால்வு கம்ப்ரசரிலிருந்து 2 கிலோமீட்டரில் இருந்தால் நிமிடத்துக்கு 12.6 பார். நீளம் பதினைந்தில் ஒன்றானதும் ஏற்றம் பதினைந்து மடங்கு. குழாயின் விட்டம் இந்தக் கணக்கில் வரவே இல்லை, பாருங்கள்.

இதோடு உராய்வு இழப்பையும் சேர்க்க வேண்டும். ஓட்டம் இருக்கும்போது இந்த 30 கிலோமீட்டரில் சுமார் 5 பார் உராய்வில் போகிறது. வால்வில் 70 பார் என்றால் கம்ப்ரசர் வாயில் 75. ஓட்டம் நின்றதும் அந்தச் சரிவு படுத்துவிடும். கம்ப்ரசரும் உடனே நின்றால், நடுவாக 72–73 பாரில் குழாய் அமரும். கம்ப்ரசர் 75 பாரைப் பிடித்துக்கொண்டு நின்றால், வால்விலும் 75 வந்துவிடும். கம்ப்ரசர் ஓட்டத்தைக் குறைக்காமல் தள்ளிக்கொண்டே போனால், ஏதாவது ஒன்று ட்ரிப் ஆகும் (பாதுகாப்புக்காகத் தானாக நிற்கும்) வரை ஏற்றம் நிற்காது. வால்வு ஒன்றுதான், வரும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது மறுமுனையில் இருக்கும் இயந்திரத்தின் கட்டுப்பாடு.

குழாய் முழுக்க ஒரே வடிவமைப்பு அழுத்தம் என்றால், மேல்முனை அழுத்தம் கீழ்முனைக்கு வருவதில் ஆபத்து இல்லை. சிக்கல், ‘கீழே அழுத்தம் குறைவாகத்தானே இருக்கும்’ என்று எஃகைச் சேமிக்கச் சுவர்த் தடிமனைக் குறைத்துப் போட்ட குழாய்களில். ஓட்டம் இருக்கும் வரை எல்லாம் சரி. ஒரு வால்வு மூடியதும் மெல்லிய சுவருக்குத் தடித்த சுவரின் அழுத்தம் வந்துவிடும். பழைய குழாயின் நீட்சியாகப் புதிய குழாய் இணைக்கும்போதும் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரசர் பக்கம் இன்னொரு பெயர்க் குழப்பம் வரும். ‘சர்ஜ்’ என்று பைப்லைன்காரர் சொல்வது அழுத்த அலை. கம்ப்ரசர்காரர் சொல்வது, எதிரழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்து சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசருக்குள் வாயு முன்னும் பின்னும் ஊசலாடுவதை. வால்வு அருகில் மூடினால் முதலாவது இரண்டாவதைக் கொண்டுவரும். வெளியே தள்ளிய வாயுவைக் கம்ப்ரசரின் உள்வாய்க்கே திருப்பிவிடும் ஆன்ட்டி-சர்ஜ் வால்வு 2 விநாடிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான். வால்வு 30 கிலோமீட்டரில் இருந்தால் செய்தி போய்ச் சேரவே 75 விநாடி, பிறகும் மெல்லத்தான் ஏறும். ஆபரேட்டருக்கு நேரம் இருக்கிறது. நிலைய வளாகத்துக்குள்ளேயே இருக்கும் வால்வு என்றால் மனிதர் நினைத்துப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். அங்கே வால்வின் லிமிட் ஸ்விட்ச் (நிலை காட்டும் ஸ்விட்ச்) ‘திறந்த’ நிலையை விட்டு அசைந்தவுடன் கம்ப்ரசருக்கு ட்ரிப் அல்லது ரீசைக்கிள் (வாயுவைத் திருப்பிவிடும்) கட்டளை போகும்படி நேரடியாக வயர் இழுத்துவிட வேண்டும். அழுத்தம் ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் ஏற்பாடு போதாது.

இந்தத் துறையில் மிக அதிகமாகத் தொல்லை தருவது நீண்ட குழாய் அல்ல, கேஸ் டர்பைனுக்குப் போகும் குட்டைக் குழாய். எடுத்துக்காட்டாக, அழுத்தத்தைக் குறைத்துச் சீராக வைக்கும் ரெகுலேட்டருக்குப் பிறகு 100 மீட்டர் குழாய், 30 பார், ஓட்டம் விநாடிக்கு 20 மீட்டர். டர்பைன் ட்ரிப் ஆனால் அதன் ஸ்டாப் வால்வு 0.2 விநாடியில் மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் டர்பைன் வேகம் எல்லை மீறும். அலை அடி 1.9 பார். அதற்கு மேல் பேக்கிங்: 30 × 20 ÷ 100 = விநாடிக்கு 6 பார். பைலட் (ரெகுலேட்டரை இயக்கும் சிறு துணைக் கருவி) வைத்த ரெகுலேட்டர் மூட 1 விநாடி எடுத்தால், அது படிப்படியாக மூடுவதால் அந்த 6-இல் பாதி, இன்னும் 3 பார் சேரும். மொத்தம் 5 பார். அழுத்தம் எல்லை தாண்டினால் படாரென்று மூடிக்கொள்ளும் ஸ்லாம்-ஷட் வால்வை 15 சதவீதம் மேலே, அதாவது 34.5-இல் வைத்திருந்தால் அது விழுந்துவிடும். விழுந்த ஸ்லாம்-ஷட்டை நேரில் போய்க் கையால்தான் ரீசெட் செய்ய வேண்டும். டர்பைன் ட்ரிப் சின்னக் கதை. ஆளில்லாத நிலையத்தில் ஸ்லாம்-ஷட் ரீசெட் பல மணி நேரக் கதை.

இதற்கு மருந்து என்ன? ஸ்டாப் வால்வை மெதுவாக்க முடியாது. ஸ்லாம்-ஷட் செட்டிங்கை ஏற்றிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கீழே உள்ள குழாயின் வடிவமைப்பு அழுத்தம் இடம் தந்தால் மட்டும் அதைச் செய்யலாம். நல்ல தீர்வு கொள்ளளவு. அதே 100 மீட்டரில் அகலமான குழாய் போட்டுக் கொள்ளளவை மூன்று மடங்காக்கினால் ஏற்றம் விநாடிக்கு 2 பாராக இறங்கும்; ஓட்ட வேகமும் மூன்றில் ஒன்றாவதால் அலை அடியும் 0.6 பாருக்கு வந்துவிடும். வடிவமைப்பின்போது காகிதத்தில் விட்டத்தை மாற்றுவது மலிவு, கட்டிய பிறகு பஃபர் டிரம் (கூடுதல் கொள்ளளவுக்கான கலன்) சேர்ப்பது விலை. அடுத்தது, டர்பைன் ட்ரிப் சிக்னலையே ரெகுலேட்டருக்கும் அனுப்பிவிடுவது. ரிலீஃப் வால்வு வைப்பதானால் அதன் அளவை ரெகுலேட்டர் மூடும்வரை வந்து சேரும் வாயுவை வைத்துக் கணக்கிட வேண்டும்.

கீழ்ப்புறத்தையும் மறக்கக் கூடாது. வால்வுக்கு அந்தப் பக்கம் அதே 1.4 பார் இறங்கும். லைன் பிரேக் வால்வுகள் குழாய் உடைந்ததை அழுத்தம் இறங்கும் வேகத்தை வைத்துக் கண்டுபிடிப்பவை. ‘நிமிடத்துக்கு இத்தனை பார்’ என்று மட்டும் வைத்துத் தாமத நேரம் வைக்காவிட்டால், இந்த 1.4 பார் இறக்கத்தை உடைப்பு என்று நினைத்து அடுத்த வால்வும் மூடும். அதன் அலையைப் பார்த்து அதற்கடுத்ததும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) எரிவாயுக் குழாய் விதியான பி31.8-இன்படி மக்கள் நடமாட்டம் குறைந்த முதல் வகைப் பகுதியில் வால்வு இடைவெளி 32 கிலோமீட்டர் வரை, அடர்ந்த நான்காம் வகையில் 8 கிலோமீட்டர். நெருக்கமாக வால்வு இருக்கும் நகரப் பகுதியில்தான் இந்தத் தொடர் மூடல் எளிது, ஏனென்றால் அலை தேய்வதற்குள் அடுத்த வால்வு வந்துவிடும். அலையின் படி சில விநாடியில் முடியும், உடைப்பின் இறக்கம் தொடரும். செட்டிங்கில் வேகம், தாமதம் இரண்டும் வேண்டும். கீழே பெரிய நுகர்வோர் திடீரென்று எடுக்கத் தொடங்கும்போது வரும் இறக்கத்துக்கும் மேலே அந்த வேகம் இருக்க வேண்டும்.

இனி திரவம். ‘கேஸ் லைன்’ என்று நாம் பேச்சில் சொல்வதில் சில வாயுவே இல்லை. எல்.பி.ஜி. குழாய்கள், உதாரணமாக 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஜாம்நகர்–லோனி குழாய், அழுத்தத்தில் திரவமாகவே ஓடுகின்றன. அடர்த்தி 540, அலை வேகம் 800, ஓட்டம் 1.5 மீ/வி என்றால் அடி 6.5 பார். கீழ்ப்புறத்தில் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் திரவம் கொதித்து ஆவிப்பை உண்டாகும். இரு பக்கத் திரவமும் திரும்பி வந்து மோதி அந்தப் பை நொறுங்கும்போது விழும் அடி, முதல் அடியைவிடப் பெரிதாக இருக்கலாம். அங்கே சர்ஜ் ரிலீஃப், மூடும் நேரக் கணக்கு எல்லாம் கட்டாயம். எண்ணூர் போன்ற எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையங்களில் கப்பலிலிருந்து இறக்கும் குழாயும் அப்படியே: அடர்த்தி 450, அலை வேகம் 1,300, ஓட்டம் 6 மீ/வி என்று போட்டால் முழு அடி 35 பார். வாயுக் கப்பல்களுக்கான பன்னாட்டு விதி அவசர வால்வு 30 விநாடிக்குள் மூட வேண்டும் என்கிறது; ஆகவே கப்பல் பம்பு எப்போது நிற்கும், கரை வால்வு எப்போது மூடும் என்ற வரிசைதான் அங்கே பாதுகாப்பு.

உங்கள் குழாயிலேயே கண்டன்சேட்டோ (வாயுவிலிருந்து பிரிந்து திரளும் திரவம்) தண்ணீரோ பள்ளத்தில் தேங்கியிருந்தால், ஓட்டம் கூடும்போது அது கட்டியாகத் திரண்டு கிளம்பும். 700 கிலோ அடர்த்தி கொண்ட திரவக் கட்டி 6 மீ/வி வேகத்தில் ஒரு வளைவில் திரும்பும்போது தரும் உதை ஏறத்தாழ 1 டன். வாயு தருவது 80 கிலோ. இன்னும் மோசம், பாதி திறந்த வால்வு அல்லது ஆரிஃபிஸ் (துளைத் தகடு). வாயு அதன் வழியே சுலபமாக நழுவும். பின்னால் வரும் திரவம் பன்னிரண்டு மடங்கு கனம் என்பதால் அதே அழுத்த வேறுபாட்டில் மூன்றரை மடங்கு மெதுவாகத்தான் போக முடியும். வால்வு அசையாமலே ‘மூடியது’ போல ஆகி, நொடியில் 30 பார் அடி விழும். “வால்வு மூடும்போது குழாய் குதித்தது” என்ற புகார் வந்தால், முதலில் டிரிப் பாட்டையும் (திரவம் வந்து சேரும் கலம்) டிரெயினையும் (வடிகால்) திறந்து பாருங்கள், மூடும் நேரத்தை அப்புறம் பார்க்கலாம்.

இந்த வரிசையில் பலர் மறப்பது ஹைட்ரோ டெஸ்ட், அதாவது நீர் நிரப்பிக் குழாயின் வலிமையைச் சோதிப்பது. எரிவாயுக் குழாய் தன் ஆயுளில் வாங்கும் மிகப் பெரிய வாட்டர் ஹாமர், வாயு வருவதற்கு முன்பே நீர் நிரப்பும்போது விழக்கூடும். 1 மீ/வி வேகத்தில் நீர் நிரப்பும்போது யாரோ கடைசி வால்வைப் படக்கென்று மூடினால் 11 பார், பள்ளத்தில் நிலைநீர் அழுத்தம் வேறு.

எல்லை எவ்வளவு என்று கேட்டால்: பி31.8 வழியில், அனுமதித்த உச்ச இயக்க அழுத்தத்துக்கு மேல் 10 சதவீதம், அல்லது எஃகின் குறைந்தபட்ச நெகிழ்வு வலிமையில் (அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 75 சதவீதம் தரும் அழுத்தம், எது குறைவோ அதற்குள் பாதுகாப்புக் கருவி பிடித்து நிறுத்த வேண்டும். திரவக் குழாய்க்கான பி31.4-இலும் சர்ஜுக்கு 10 சதவீதம்தான். 2 சதவீத அலை இந்த இடத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் உச்ச அழுத்தத்தில் 99 சதவீதத்தில் குழாயை ஓட்டிக்கொண்டு, ஹை ட்ரிப்பை (அழுத்தம் கூடினால் நிறுத்தும் எல்லை) 100-இல் வைத்திருந்தால், உடைப்பு வராது, ட்ரிப் வரும். இயல்பு ஓட்டத்துக்கும் ட்ரிப்புக்கும் நடுவே 3–5 சதவீதம் விடுங்கள்.

ஆக, உங்கள் வால்வுக்குச் சர்ஜ் ரிலீஃப் வேண்டாம். மூடும் நேரத்தை 5 விநாடியிலிருந்து, விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 1 விநாடி என்ற நடைமுறை அளவுக்கு, 24 விநாடியை ஒட்டிக் கொண்டுபோங்கள். இது வாயுவுக்காக அல்ல, வால்வுக்காகத்தான். வாயு அழுத்தத்தால் எண்ணெயைத் தள்ளி வால்வைச் சுழற்றும் கேஸ்-ஓவர்-ஆயில் ஆக்சுவேட்டரில் எண்ணெய் வழியில் இருக்கும் வேகத் திருகைக் கமிஷனிங்கில் முழுதாகத் திறந்தே விட்டுவிடுவது வழக்கமான தவறு. பல டன் எடையுள்ள வால்வுக்குள் இருக்கும் பந்து 5 விநாடியில் சுழன்று ஸ்டாப்பரில் மோதினால் ஸ்டெம் (தண்டு), சீட் (பந்து அமரும் இருக்கை) இரண்டும் அடி வாங்கும். எண்ணெய் குளிரில் கெட்டியாவதால் அதிகாலையில் ஒரு நேரமும் நடுப்பகலில் ஒரு நேரமும் வரும். இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள்.

அளப்பதானால் ஸ்காடா (தொலைக் கண்காணிப்பு அமைப்பு) பதிவை நம்ப வேண்டாம். 10 விநாடிக்கு ஒருமுறை படிக்கும் ஸ்காடா பேக்கிங்கைக் காட்டும், அலையைக் காட்டாது. டர்பைன் குழாயில் அலை போய்வர அரை விநாடிதான்; அங்கே நொடிக்கு 100 முறை படிக்கும் லாகரும் (பதிவுக் கருவி), நீண்ட இம்பல்ஸ் குழாய் (அளவிக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் சிறு குழாய்) இல்லாமல் குழாய்ச் சுவரிலேயே பொருத்திய டிரான்ஸ்டியூசரும் (அழுத்த உணர்வி) வேண்டும். வால்வின் நிலை சிக்னலையும் அதே லாகரில் ஏற்றுங்கள். மூடத் தொடங்கிய நேரமும் அழுத்தம் ஏறிய நேரமும் ஒரே கடிகாரத்தில் இல்லாவிட்டால், எது அலை, எது பேக்கிங், எது பள்ளத்திலிருந்து வந்த தண்ணீர் என்று பிரிக்கவே முடியாது.